எஞ்சின் டிரைவர் வேதமுத்து: என் கணவரின் பெயரைக் காத்தவர்

சென்ற வெள்ளிக்கிழமை காலை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்து ரயில் நிறுத்தத்தில் சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. சரக்கு வண்டி அங்கே நிற்பதில்லை. பிள்ளைகள் வாய்ப்பாட்டை விட்டுவிட்டு வெளியே பார்த்தார்கள். எஞ்சினிலிருந்து டிரைவர் யூசோப் இறங்கி, தலைத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்து வந்தார். அவர் தொப்பியைக் கழற்றியதைப் பார்த்ததும் சாக்கட்டியைக் கீழே வைத்தேன்.

"டீச்சர், வேதமுத்து அண்ணன் போயிட்டாரு. நேத்துச் சாயங்காலம். நாற்காலியில உக்காந்தபடியே, சூசா இல்லாம போயிட்டாரு. அண்ணி உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

யூசோப் மலாய்க்காரர். ரயில்வேத் தமிழர்களோடு காலமெல்லாம் பழகியவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். மனம் கலங்கினால் மட்டும் இடையில் ஒரு மலாய்ச் சொல் வந்துவிடும். சிரமப்படாமல் போனார் என்று எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர், தாமே சுவரில் சாய்ந்து அழுதார்.

ஜொகூர் ரயில் பாதையில் வேலை செய்தவர்களுக்கு டிரைவர் வேதமுத்து அவர்களை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவரை அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எழுதுகிற நான் யார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் கணவர் வாத்தியார் சதாசிவம், வேதமுத்து அவர்கள் ஓட்டிவந்த எஞ்சினில் அடிபட்டு இறந்தவர். அந்த வேதமுத்து அவர்களைத்தான் நான் இத்தனை ஆண்டுகளாக அண்ணன் என்று அழைத்தேன். இன்று அவருக்காக அழுகிறேன்.

அண்ணன் பிறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், நாகப்பட்டினத்தில். தகப்பனார் துறைமுகத்தில் தோணிக்குப் பாரம் ஏற்றியவர். அரும்பு மீசை முளைப்பதற்கு முன்பே அண்ணன் அங்கிருந்த ரயில் பட்டறையில் எஞ்சின் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஆறிப்போன எஞ்சினின் அடுப்புக்குள் நுழைந்து சாம்பல் வாருவதற்கு ஒல்லியானவர்களைத்தான் தேடிப் பிடிப்பார்களாம். "எங்கம்மா சோறு கம்மியா போட்டாங்க, அதனாலதான் எனக்கு வேலை கெடைச்சுச்சு. அவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

பிறகு கப்பலேறிப் பினாங்குக்கு வந்தார். வழி நெடுக வாந்தி. இனி தண்ணீரில் ஓடும் எதிலும் ஏறுவதில்லை என்று கப்பலிலேயே சத்தியம் செய்துகொண்டாராம். பேராக்கில் ஈயம் ஏற்றும் வண்டிகளில் கரி அள்ளிப் போட்டார். அங்கே ஒருநாள் அடுப்புத் தீ வெளியே சீறி அவருடைய மீசையைப் பொசுக்கிவிட்டது. அதன்பின் அது சரியாக வளரவே இல்லை. தைப்பிங்கில் ஞானம்மாள் அண்ணியை மணந்தார். ஜொகூரில் காடு வெட்டித் தண்டவாளம் போட்டபோது ஜல்லி வண்டி ஓட்டுவதற்கு ஆள் தேடினார்கள். காட்டுக் காய்ச்சலுக்குப் பயந்து பலர் ஒதுங்கிக்கொள்ள, அண்ணன் வந்தார். இன்று நாம் உட்கார்ந்து போகிற பாதையில், தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கல்லில் பெரும்பகுதி அவர் இழுத்துவந்து கொட்டியதுதான்.

அந்நாளைய கதைகளில் ஒன்றை அவர் வாயால் கேட்காதவர்கள் குறைவு. லாபிஸ் பக்கத்தில் மலையைக் குடைந்து வெட்டிய ஒரு குறுகலான இடத்தில் காட்டு யானை ஒன்று தண்டவாளத்தின் நடுவே நின்றுவிட்டது. வண்டிக்குள் பயணிகள் கூச்சல் போட்டார்கள். அண்ணன் அசையவில்லை. யானைக்குப் போக மனம் வந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டார்கள். 'யானை நின்றது' என்று சொன்னார்.

"விசில் ஊத வேண்டியதுதானே?" என்று அதிகாரி கேட்டாராம்.

"ஊதினேன் துரை. அதுவும் ஊதிச்சு."

இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனிதர் என்று பிற்பாடுதான் நான் அறிந்துகொண்டேன். முதன்முதலாக நான் அவரைப் பார்த்த நாளில் அவர் முகத்தில் உயிரே இல்லை.

அப்போது ஜொகூரைச் சிங்கப்பூரோடு இணைக்கும் கடற்பாலம் கட்டப்படவில்லை. ரெங்கம் ஊருக்கு அப்பால், நாங்கள் பாலத்துத் தோட்டம் என்று அழைக்கும் இந்தத் தோட்டத்தில் என் கணவர் பள்ளிக்கூடம் நடத்திவந்தார். பள்ளிக்கூடம் என்றால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகை. எங்கள் மகள் கமலா கைக்குழந்தைப் பருவம் தாண்டி ஓடியாடிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது அலுவலகக் கணக்கர், களை பிடுங்க ஆள் போதவில்லை என்று பள்ளிப் பிள்ளைகளை வேலைக்கு இழுத்துப் போனார். என் கணவர் அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போட்டார். அமைதியான மனிதர் அவர். அன்று அவர் போட்ட சத்தம் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் வரை கேட்டது.

இரண்டொரு நாள் கழித்து, பிள்ளைகளுக்குச் சிலேட்டு வாங்க ரெங்கத்துக்குப் போனார். திரும்பும்போது பெருமழை. ஆற்றுப் பாதை முழுகிவிட்டால் தோட்டத்து ஜனங்கள் எல்லோரும் ரயில் பாலத்தின் மேல்தான் நடந்து வருவார்கள். அவரும் அப்படித்தான் வந்தார். பாலத்துக்கு முன்னால் பாதை வளைகிறது. மழைச் சத்தத்தில் வண்டி வருவது அவருக்குக் கேட்கவில்லை.

நான் அந்த மாலையைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

விடிந்ததும் லயத்தில் வேறொரு பேச்சு கிளம்பியது. வாத்தியார் மனம் உடைந்து தானாகவே தண்டவாளத்தில் போய்ப் படுத்துவிட்டார் என்றார்கள். பேச்சைக் கிளப்பியவர் கிராணி. புத்தி பேதலித்தவர் என்று ஆக்கிவிட்டால், தம்மோடு அவர் போட்ட சண்டைக்கும் மதிப்பில்லாமல் போகும் அல்லவா? ஆறுதல் சொல்ல வந்த பெண்கள்கூட என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். வீட்டில் ஏதாவது தகராறா என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள். கணவரை இழந்த துக்கத்தோடு, அவர் என்னையும் குழந்தையையும் வேண்டாம் என்று விட்டுப்போனாரோ என்கிற சந்தேகமும் எனக்குள் புகுந்துகொண்டது. அந்தச் சந்தேகம் மரணத்தைவிடக் கொடியதாக இருந்தது.

அந்த நிலையில்தான் ஒருவர் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து எங்கள் லயத்துக்கு வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. வாசலில் நின்றார்.

"நீங்க யாரு?" என்று கேட்டேன்.

"அந்த எஞ்சினை ஓட்டினவன் நான்தாம்மா."

என் கைக்கு அகப்பட்டது தண்ணீர்ச் செம்பு. அதை அவர்மேல் எறிந்தேன். நெற்றியில் பட்டது. வாயில் வந்த வார்த்தைகளையெல்லாம் கொட்டினேன். அவர் நெற்றியைக்கூடத் தடவிக்கொள்ளாமல் நின்றார். கத்தி ஓய்ந்த பிறகு, கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டேன்.

"அவரு படுத்துக் கெடந்தாரா?"

"யாரும்மா அப்படிச் சொன்னா?" ஒரு எட்டு முன்னால் வந்தார். "இல்லம்மா. சாமி சத்தியமா இல்ல. அவரு ஓடினாரு. உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடினாரு. கக்கத்துல ஒரு கட்டு வச்சிருந்தாரு, அதையும் விடல. இன்னும் ரெண்டு எட்டு வச்சிருந்தா கரை வந்திருக்கும். நான் விசில் ஊதினது லேட்டும்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வருவதற்காக ஓடியிருக்கிறார். எங்களை விட்டுப் போக அவர் நினைக்கவில்லை. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அந்த அழுகைக்காக இன்றுவரை நான் அண்ணனுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சில வாரங்கள் கழித்து ஜொகூர் பாருவில் விசாரணை நடந்தது. கமலாவை மடியில் வைத்துக்கொண்டு நானும் போய் உட்கார்ந்திருந்தேன். கிராணி வந்து, வாத்தியார் மனக்கலக்கத்தில் இருந்தார், தானாகவே விழுந்திருப்பார் என்று சாட்சி சொன்னார். விசாரித்த துரை நல்லவர்தான். ஒரு நல்ல டிரைவரைத் தண்டிக்க அவருக்கு விருப்பமில்லை. மொழிபெயர்ப்பாளர் மூலமாக, தப்பிக்க வழியும் காட்டிக்கொடுத்தார்.

"அந்த மழையில் நீ எதையும் தெளிவாகப் பார்த்திருக்க முடியாது. அவர் படுத்திருக்கலாம் அல்லவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அண்ணன் அதைச் சொல்லியிருந்தால் மறுநாளே தம் எஞ்சினில் ஏறியிருப்பார். அவரைத் தவிர உண்மை தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அன்று ஃபயர்மேனாகக் கரி போட்டுக்கொண்டிருந்த யூசோப்பும் எதையும் பார்க்கவில்லை.

"நான் பார்த்தேன் துரை. அவரு ஓடினாரு" என்றார் அண்ணன். "வளைவுக்கு முன்னாலயே நான் ஊதியிருக்கணும். ஃபயர்மேன் கண்ணுல கரித்துண்டு விழுந்துச்சு. என்னான்னு பார்க்கத் திரும்பிட்டேன். அவன் மேல தப்பில்ல. திரும்பினவன் நான். நேரத்துக்கு ஊதியிருந்தா அந்த மனுசன் பொழைச்சிருப்பாரு."

துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனைப் பயணி வண்டியிலிருந்து இறக்கி, ஜொகூர் பாரு யார்டில் சரக்குப் பெட்டிகளைக் கோத்துக் கொடுக்கும் வேலையில் போட்டார்கள். சிங்கப்பூருக்குப் போகும் பெட்டிகளை அந்நாளில் மிதவையில் ஏற்றித்தான் கடலைக் கடத்துவார்கள். மெயின் லைனில் ஓடியவர், கடற்கரைக்கும் யார்டுக்குமாக முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தார். "தண்ணி மேல ஏற மாட்டேன்னு சத்தியம் பண்ணினேன்ல, அதான் தண்ணி பக்கத்துலயே கட்டிப் போட்டுட்டாங்க" என்று அதையும் வேடிக்கையாகவே சொன்னார்.

ஆனால் அந்த வேடிக்கையில் ஞானம்மாள் அண்ணிக்குப் பங்கில்லை. விசாரணை முடிந்து நானும் குழந்தையும் போக்கிடம் இல்லாமல் நின்றபோது, அண்ணன் எங்களைத் தம் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போனார். அண்ணி எங்களுக்குச் சோறு போட்டார். என்னோடு ஒரு சொல் பேசவில்லை. இரண்டாம் நாள் கமலாவுக்குக் காய்ச்சல் வந்தது. அண்ணிதான் ராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டு ஈரத்துணி ஒற்றினார். காலையில் என்னைப் பார்த்து, "எனக்கு ஒம் மேல கோவம் இல்லம்மா. இந்த மனுசன் மேலதான். விசாரணையில பேசறதுக்கு முன்னால ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல" என்றார்.

பக்கத்தில் நின்ற அண்ணன், "கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?" என்றார்.

அண்ணி ஈரத்துணியைப் பிழிந்து குழந்தையின் நெற்றியில் போட்டார். "இதையேதான் சொல்லச் சொல்லியிருப்பேன்" என்றார்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நான் அண்ணனிடம் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். "என் வேலை இன்னிக்குப் போனா நாளைக்கு வரும். வாத்தியார் பேரு போனா யாரும்மா திருப்பிக் கொண்டாந்து தருவா?" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன பதில்.

விசாரணையில் அவர் சொன்னது தோட்டத்துக்கு எட்டியது. லயத்துப் பேச்சு மாறியது. முகம் பார்க்காதவர்கள் பார்த்தார்கள். கிராணி சில மாதங்களில் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். என் கணவர் பிள்ளைகளுக்காகச் சிலேட்டு சுமந்து வந்த வழியில் இறந்தவர் என்று தோட்டத்துத் துரைக்கு எடுத்துச் சொன்னவரும் அண்ணன்தான். "வாத்தியாரம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும் துரை. அந்தக் கொட்டகையை மூடிப்போடாதீங்க" என்று கேட்டாராம். நான் மிஷன் பள்ளியில் படித்தவள். அன்று நான் மீண்டும் திறந்த பள்ளி இன்றும் நடக்கிறது. இப்போது அது பலகைச் சுவர் வைத்த கட்டடம்.

கடற்பாலம் கட்டி முடிந்து, அதன்மேல் வண்டி ஓடத் தொடங்கியதும் டிரைவர்களுக்குப் பஞ்சம் வந்தது. அண்ணனை மீண்டும் மெயின் லைனுக்கு அழைத்தார்கள். அவர் திரும்பி வந்த முதல் மாதத்திலேயே என் பள்ளிப் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தார். ரப்பர் மரத்தைத் தவிர எதையும் பாராத பிள்ளைகள், இரண்டு பக்க ஜன்னல்களிலும் கடலைப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனார்கள். ஒருத்தி மட்டும், "டீச்சர், இவ்வளவு தண்ணியையும் யாரு ஊத்தினா?" என்று கேட்டாள். அண்ணனிடம் அதைச் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கமலாவுக்குப் பத்து வயதிருக்கும். ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், "எங்கப்பாவை நீங்க பார்த்திருக்கீங்களா மாமா?" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எதையும் மறைக்காமல் சொன்னார். கமலா எழுந்து வெளியே போய்விட்டாள். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. மறுமுறை அவர் வந்தபோது அவளாகவே ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டாள். "மத்தவங்க யாருமே எனக்கு நெசத்தைச் சொல்லலம்மா" என்று இரவு என்னிடம் சொன்னாள்.

ரப்பர் விலை விழுந்த ஆண்டுகளை நாம் யாரும் மறக்க மாட்டோம். தோட்டம் தோட்டமாக ஆட்குறைப்பு செய்து, குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். என் பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் பெயர் பதிவேட்டிலிருந்து அப்போதுதான் போயிற்று. அவர்களைக் கப்பலுக்கு ஏற்றிப்போன வண்டிகளில் ஒன்றை அண்ணன் ஓட்டினார். வடக்கே குளுவாங்கை நோக்கிப் போகிற அந்த வண்டி எங்கள் நிறுத்தத்தில் நிற்காது. முந்தின நாளே ஜனங்களைப் பெரிய ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விடைபெறக்கூட நேரம் தரவில்லை.

வண்டி வரும் சத்தம் கேட்டதும் மிச்சமிருந்த பிள்ளைகள் வேலியோரம் ஓடினார்கள். வேகமாகப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தை நெருங்கியதும் வண்டி மெதுவானது. இன்னும் மெதுவானது. கடைசியில் ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. ஜன்னல் ஜன்னலாக எங்கள் பிள்ளைகளின் முகம். "முனியம்மா!" "டேய் ராசு!" என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரு பையன் கூடவே நடந்து, ஜன்னல் வழியே தன் நண்பனுக்குத் தன் பம்பரத்தைக் கொடுத்தான். பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எஞ்சின் மேடையில் நின்ற அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை முன்னால் பாதையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த முறை பார்த்தபோது, "டைம் போச்சுன்னு உங்களைக் கேக்கலயா அண்ணா?" என்றேன்.

"கேட்டாங்க. ஆனை நின்னுச்சுன்னு சொல்லிட்டேன்."

அதன்பின் கொஞ்ச நாளில் ஓய்வு பெற்றார். கடைசி ஓட்டத்தன்று எஞ்சினுக்கு மாலை போட்டார்கள். "இதுக்கு எதுக்கு மாலை, எண்ணெய் போட்டாப் போதும்" என்றார். ஊருக்குத் திரும்பிப் போகவில்லையா என்று பலர் கேட்டார்கள். "எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் இந்த லைன்லதான் இருக்காங்க" என்று ஜொகூர் பாருவிலேயே வாடகை வீடு எடுத்துத் தங்கிவிட்டார்.

சென்ற ஆண்டு கமலாவுக்குத் திருமணம். எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இந்த நாட்டில் இல்லை. தாய்மாமன் நின்று செய்ய வேண்டிய முறைகளுக்கு யாரை நிறுத்துவது என்ற பேச்சு வந்தது. வேதமுத்து அண்ணன் என்றேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "அவரு சர்ச்சுக்குப் போற வேதக்காரரு. அதோட, பொண்ணோட அப்பா அவரு வண்டியிலதானே..." என்று இழுத்தார். அண்ணனும் அருகில்தான் இருந்தார். "அவங்க சொல்றது சரிதாம்மா. நான் நிக்கிறது நல்லா இருக்காது" என்று எழுந்துகொண்டார்.

உள்ளேயிருந்து கமலா வந்தாள். கல்யாணப் பெண் சபையில் வந்து பேசுவது வழக்கமில்லை. பேசினாள்.

"மாமா, எங்கப்பாவைக் கடைசியா பார்த்தவரு நீங்க. வீட்டுக்கு வரத்தான் ஓடினாருன்னு எனக்குச் சொன்னவரும் நீங்க. நீங்க நிக்கலைன்னா வேற யாரு நிக்கிறது?"

அண்ணன் வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, எல்லா முறைகளையும் ஐயரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்தார். மாலையை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துக் கொடுத்தார். எத்தனையோ டன் இரும்பை இழுத்து நிறுத்திய கை அது.

சனிக்கிழமை ஜொகூர் பாருவில் அவரை அடக்கம் செய்தோம். மலாய்க்காரர், சீக்கியர், சீனர், தமிழர் என்று பாதை நெடுகிலுமிருந்து வந்திருந்தார்கள். வேலையில் இருந்தவர்கள் கரிபடிந்த உடுப்போடு நேரே வந்து நின்றார்கள். யூசோப்பும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

எங்கள் குடும்பங்களில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. என் கணவருக்கும் நான் போகவில்லை, போக விடவில்லை. அன்று போனேன். கமலாவும் வந்தாள். பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்ததும், முதல் பிடி மண்ணைப் போட ஞானம்மாள் அண்ணியை முன்னால் அழைத்தார்கள். அண்ணி குனிந்து மண்ணை அள்ளினார். போடாமல் திரும்பி என்னிடம் வந்து, அதை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நீ போடு தாயி. நீ போட்டாத்தான் அவருக்கு நிம்மதி."

மண் ஈரமாக, கனமாக இருந்தது. குழியின் விளிம்பில் நின்று, அவருக்குக் கேட்கும்படியாகவே சொல்லிவிட்டுப் போட்டேன்: "உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்லண்ணா. நல்லபடியா போய்ச் சேருங்க."